இன்டர்வியூவில் வாய்விட்டு யோசிப்பது எப்படி

சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் விடை தெரிந்திருந்தும் வேலை கிடைக்காமல் திரும்பி வருகிற பிள்ளைகளை நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் ஒரு சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். அன்று ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, எண்களின் வரிசை ஒன்றில் ஒரே ஒருமுறை மட்டும் வருகிற முதல் எண்ணைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பத்து நிமிடம் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். எதிரே இருந்தவர் இரண்டு தடவை "என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டார், "முடிச்சிட்டுச் சொல்றேன் சார்" என்றேன். விடை சரி. வேலை இல்லை.

ஏன் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. பரீட்சை ஹாலில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நம்மை. இன்டர்வியூ அப்படி இல்லை. இந்தப் பையனோடு, இந்தப் பெண்ணோடு உட்கார்ந்து தினமும் வேலை செய்ய முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள், நீங்கள் வாயே திறக்காவிட்டால் கேள்வி கேட்பவர் தன் படிவத்தில் எழுத ஒன்றுமே இருக்காது.

அதே கேள்வியை எடுத்துக்கொள்வோம். 4, 7, 4, 9, 7. விடை 9. கேள்வி காதில் விழுந்ததும் கீபோர்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் சந்தேகத்தைக் கேளுங்கள்: வரிசை காலியாக இருந்தால்? எல்லா எண்ணும் இரண்டு தடவை வந்திருந்தால் எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்? இப்படிக் கேட்பதைத் தெரியாத்தனம் என்று யாரும் நினைப்பதில்லை, சில கேள்விகளை வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் கேட்கிறார்கள்.

அடுத்து, மனதில் முதலில் வந்த சாதாரண வழியையே சொல்லுங்கள். "ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு லட்சம் எண் இருந்தால் 1000 கோடி ஒப்பீடு ஆகிவிடும், அது தாங்காது." இதைச் சொன்ன உடனேயே நீங்கள் புரோகிராம் ஓட ஆகும் நேரச் செலவைப் பற்றி யோசிக்கிற ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு ஹேஷ்மேப்புக்கு, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு மதிப்பைக் குறித்து வைத்து உடனே எடுக்க உதவும் அட்டவணைக்கு வாருங்கள். "ஒரு ஹேஷ்மேப்பில் எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி வைக்கிறேன், மறுபடி முதலிலிருந்து வந்து எண்ணிக்கை ஒன்றாக இருக்கிற முதல் எண்ணில் நிற்கிறேன், வரிசையை இரண்டே தடவை நடந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அந்த ஐந்து எண்ணையும் வைத்து வரி வரியாக விரலால் ஓட்டிக் காட்டுங்கள். பாதியில் மாட்டிக்கொண்டால் எங்கே மாட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் அவரால் ஒரு குறிப்புத் தர முடியும், தந்த குறிப்பைப் பிடித்து மேலே போனவர்கள் தேர்வாகியிருக்கிறார்கள்.

இது ஒரே நாளில் வராது. போனில் ரெக்கார்ட் போட்டு, தினம் ஒரு கணக்கை, முதல் வாரம் முழுக்கத் தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். யோசனை தெளிவாகிவிட்டால் அதை இங்கிலீஷுக்கு மாற்றச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். இங்கிலீஷ் வராது என்ற வெப்ராளத்தில் தெரிந்ததையும் விழுங்கிவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். பையப் பேசுங்கள். திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ எடுப்பவர் மலையாளத்துக்கு மாறினால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் அது கஷ்டமே இல்லை, ஆனாலும் டெக்னிக்கல் பதிலை இங்கிலீஷிலேயே முடித்துவிடுவது நல்லது.

ரெஸ்யூமில் நீங்கள் செய்யாத புராஜெக்ட் ஒரு வரிகூட வேண்டாம். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து செய்ததென்றால் உங்கள் பங்கு எது, அந்த டேட்டாபேஸை ஏன் எடுத்தீர்கள், எங்கே சொதப்பியது என்று துருவுவார்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் நம் ஊர் மழையைக் கணக்கில் எடுங்கள். ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இரண்டு பருவமும் நமக்கு உண்டு, காற்று அடித்து ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும். லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் வைஃபை ரூட்டரும் அதில் ஓடுகிறதா என்று முந்தின நாளே மெயினை அணைத்துப் பாருங்கள், போன் ஹாட்ஸ்பாட்டையும் ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். ஹெச்ஆர் நம்பரைத் தாளில் எழுதி வையுங்கள். ஊரில் கொடையோ திருவிழாவோ நடந்து ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அக்கா வீட்டுக்கோ கூட்டாளி வீட்டுக்கோ போய்விடுங்கள்.

நேரில் என்றால், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிகள் இருக்கிற டெக்னோபார்க் 80 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் பஸ் நின்று நின்றுதான் போகும். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள்.

சம்பளம் பேசும்போது சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செய்கிற மொத்தச் செலவை மட்டும் கேட்டுத் தலையாட்டாதீர்கள். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வராது, கம்பெனி கட்டுகிற பிஎஃப், கிராஜுவிட்டி, வேலையைப் பொறுத்து கூடிக் குறைகிற வேரியபிள் எல்லாம் அதற்குள் இருக்கலாம். கையில் எவ்வளவு, இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா, விலகுவதென்றால் எத்தனை மாதம் நோட்டீஸ் என்று நேராகக் கேளுங்கள். டெபாசிட் கட்டச் சொன்னாலோ ஒரிஜினல் சர்டிபிகேட்டை எங்களிடம் வைத்துவிட்டுப் போ என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவு எப்போது தெரியும் என்று கிளம்பும்முன் கேட்டு வையுங்கள். சொன்ன நாள் தாண்டினால் ஒரு மெயில் போடலாம், அதற்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனிக்கு எழுதுங்கள், காத்திருக்க வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு நோட்டை எடுத்து, என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் வாயடைத்தது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். களியக்காவிளை தாண்டினால் பாதி மறந்துவிடும்.