பிரஷர் மாத்திரை கூடிக்கொண்டே போகிறதா? குறட்டையையும் கவனியுங்கள்

"படுத்தா குறட்டைதான், அவருக்கென்ன, நிம்மதியான தூக்கம்" என்று வீட்டில் சொல்வோம். முதல் தவறு இதுதான். பெருங்குறட்டை, நடுவில் சட்டென்று நிசப்தம், அப்புறம் திணறியபடி ஒரு மூச்சு என்று மாறி மாறி வந்தால், தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதைத்தான் 'ஸ்லீப் ஆப்னியா' (தூக்கத்தில் மூச்சுத்தடை) என்கிறார்கள். குறைந்தது 10 நொடி மூச்சு நின்றால்தான் கணக்கில் எடுப்பார்கள். இத்தகைய தடைகள் மணிக்கு 30 தடவை வந்தால் கடுமையான நிலை.

ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும், ரத்தக்குழாய்கள் இறுகும். தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காமல் நிற்கும். நாளடைவில் பகலிலும் அதே கதைதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், மணிக்கு 15 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் உயர் ரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

ஆனால் நாம் பிரஷர் பார்ப்பதெல்லாம் பகலில், கிளினிக்கில். நீர்பிரியும் மாத்திரை உட்பட மூன்று மருந்து சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை என்றால், நான்காவதைக் கேட்கும் முன் தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். நம் குறட்டைக்கு நாம் சாட்சியாக முடியாதே!

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இந்த மூச்சுத்தடை வரும் என்பதும் சரியல்ல. தாடை சிறுத்து உள்வாங்கிய ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்கள் பலர் குறட்டையைச் சொல்வதில்லை. அசதி, காலைத் தலைவலி என்றுதான் சொல்வார்கள். இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவதும் ஓர் அறிகுறி, சர்க்கரை நோய் மட்டுமே காரணம் என்று விட்டுவிட வேண்டாம்.

தூக்கம் வரட்டும் என்று ஒரு பெக் போடுவதும், கேட்காமல் தூக்க மாத்திரை விழுங்குவதும் தசைகளை இன்னும் தளர்த்திவிடும்.

சரி, பரிசோதனை செய்து, முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் (CPAP) கருவியும் வாங்கியாயிற்று. முகமூடி உறுத்துகிறது என்று அதை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் ஒரு பக்கம். கருவி வந்துவிட்டதே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு மாத்திரையை நிறுத்தும் இவர்களை நினைத்தால்தான் கூடுதல் கவலை. கருவியால் பிரஷர் இறங்குவது சராசரியாக 2, 3 புள்ளிகள்தான். சிலருக்கு நன்றாகவே இறங்கும், அப்போதும் மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் வேலை.