பிள்ளைக்கு நிரந்தரப் பல் சரியான நேரத்தில் முளைக்கிறதா? எடையோடு சேர்த்து வீட்டிலேயே பார்க்கும் முறை

ஏழு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு பல்கூட ஆடவில்லையே என்று ஒரு வீட்டில் கவலை. ஐந்தரை வயதிலேயே உள்ளே பெரிய பல் எட்டிப் பார்க்கிறதே என்று இன்னொரு வீட்டில். இரண்டுமே பெரும்பாலும் சாதாரணம்தான். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு, பெண் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் முன்னாலேயே முளைக்கும், எடையைப் பொறுத்தும் கொஞ்சம் முந்தவோ தள்ளிப்போகவோ செய்யும். ஒரு டார்ச், எடை மெஷின், டேப், நோட்டு போதும்.

முதலில் வாயைப் பாருங்கள். பிள்ளையை மடியில் மல்லாக்கச் சாய்த்து, டார்ச் அடித்து, வாயை மேல், கீழ், இடது, வலது என நான்காகப் பிரித்து ஒவ்வொரு கால்பகுதியாக எண்ணுங்கள். பால் பல் மொத்தம் 20, அதாவது கால்பகுதிக்கு ஐந்து. அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிரந்தரக் கடைவாய்ப் பல். இதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால்தான் நிறைய பேர் இதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தை வந்தாலும் "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். முன்பல்லில் அடையாளம் காண்பது சுலபம்: புதுப் பல் அகலமாக, லேசான மஞ்சளாக, விளிம்பில் மூன்று மேடுகளோடு இருக்கும்.

அப்புறம் வயதோடு ஒப்பிடுங்கள். முதல் கடைவாய்ப் பல்லும் கீழ் நடுப்பற்களும் 6–7 வயதில், மேல் நடுப்பற்கள் 7–8, அவற்றின் பக்கத்துப் பற்கள் 7–9. கீழ்க் கோரைப்பல் 9–10, மேல் கோரைப்பல் 11–12, பால் கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்தில் வருபவை 10–12, இரண்டாம் கடைவாய்ப் பல் 11–13. சில மாதங்கள் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது எடை. கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுங்கள்; வருவதுதான் பி.எம்.ஐ. (உடல் நிறை எண்). 8 வயதுப் பையன், 1.28 மீட்டர், 36 கிலோ என்றால் 22 வரும். பெரியவர்களுக்கு அது நல்ல எண், ஆனால் உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி அந்த வயதுப் பையனுக்கு 19.7-க்கு மேல் போனாலே உடல் பருமன். ஆகவே பெரியவர்களின் அளவுகோலைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். பிள்ளையின் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் உரிய பி.எம்.ஐ. அட்டவணையைப் பாருங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரை எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பருமனான பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரைப் பல் கூடுதலாக முளைத்திருந்தது. பருமனான பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியும் முந்தித்தான் இருக்கும். சத்துக் குறைவால் வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளைகளுக்கோ பால் பல் விழுவதே தாமதமாகும்.

முந்தி வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தானாக ஒழுங்காகப் பல் துலக்க வராது, புதுப் பல்லின் எனாமலும் (பல்லின் கடினமான வெளி அடுக்கு) இன்னும் முதிர்ந்திருக்காது. போதாக்குறைக்கு, பாதி முளைத்த பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக, ஈறு மூடியபடி இருக்கும்; வழக்கம்போல முன்னும் பின்னும் தேய்த்தால் பிரஷ் அதன்மேல் படவே படாது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக உள்ளே விட்டு, அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்த்துவிடுங்கள், இரவில் கட்டாயம். ஏழெட்டு வயது வரைக்கும் இது உங்கள் வேலை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? ஒரு பக்கம் பல் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் அதே பல் வராவிட்டால், எடை எப்படி இருந்தாலும் பல் டாக்டரைப் பாருங்கள். பால் பல் விழாமல் அதன் பின்னால் புதுப் பல் வந்து, சில மாதமாகியும் பால் பல் ஆடவில்லை என்றாலும் அப்படியே. பல் ஒரு வருடத்துக்கு மேல் தாமதமாகி, பிள்ளை வயதுக்கு ஏற்ற உயரமும் இல்லை என்றால் குழந்தை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைபாட்டிலும் இப்படி ஆகும். பல் முந்தி வருகிறதே என்று பிள்ளையைப் பட்டினி போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு பல்லும் தலைகாட்டிய தேதியை நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். கடைவாய்ப் பல் முழுசாக மேலே வந்ததும் அந்த நோட்டோடு பல் டாக்டரிடம் போய், பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு இந்தப் பல்லுக்குத் தேவையா என்று கேளுங்கள்.