குதிரைக்கு வலிக்காம சேணமும் கடிவாளமும் போடுறது எப்படி

சேணத்தை எடுத்துட்டு கிட்ட போனாலே குதிரை காதை பின்னாடி மடக்குது, வயித்துப் பட்டையை இழுத்தா கடிக்க வருதுன்னா உடனே திமிர் புடிச்ச குதிரைன்னு முடிவு கட்டிடுறாங்க. சாட்டையை எடுக்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு சேணத்தைக் கழட்டிட்டு முதுகைத் தடவிப் பாருங்க, நிறைய தடவை காரணம் அங்கதான் இருக்கும்.

முதல்ல துணி எதுவும் போடாம, சமதரையில நிக்க வெச்சு வெறும் முதுகுல சேணத்தை வெச்சுப் பாருங்க. தோள்பட்டை எலும்பு எங்க முடியுதுன்னு கையால தேடிக்கோங்க. குதிரை முன்னங்காலை நீட்டும்போது அந்த எலும்போட மேல் நுனி பின்னாடி வரும், அதனால சேணத்தோட கட்டை, அதாவது உள்ள இருக்கிற கெட்டியான சட்டம், அதுக்கு ரெண்டு மூணு விரல் பின்னாடிதான் இருக்கணும், இல்லனா ஒவ்வொரு அடிக்கும் இடிச்சிட்டே இருக்கும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டவே கூடாது. குதிரைக்கு 18 ஜோடி விலா, அதுக்கப்புறம் இடுப்புல வெயிட் தாங்க எதுவும் இல்ல.

கழுத்து முடியுற எடத்துல இருக்கிற எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவுல, ஆள் ஏறி உக்காந்த பிறகும், ரெண்டு விரலாவது போகணும். மார்வாரி, காத்தியவாரி குதிரைங்க பெரும்பாலும் ஒல்லி உடம்பு, அகலமான ரெடிமேட் சேணம் போட்டா அப்படியே இறங்கி மேட்டுல உக்காந்துக்கும். அப்புறம் பின்னாடி நின்னு பாருங்க, முதுகெலும்புக்கு மேல வெளிச்சம் தெரியணும். உள்ள கையை விட்டுத் தடவினா எல்லா எடத்துலயும் ஒரே அழுத்தம் இருக்கணும், நடுவுல மட்டும் கேப் இருந்தா மொத்த வெயிட்டும் முன்னாடி பின்னாடி மட்டும் இறங்குதுன்னு அர்த்தம்.

டைட்டான சேணத்துக்கு அடியில இன்னொரு கம்பளி போடுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, சின்ன ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்ட மாதிரிதான் அது, இன்னும் நெருக்கும்.

வயித்துப் பட்டையை ஒரே இழுப்புல இறுக்காதீங்க, ஒரு ஓட்டை ஏத்தி, கொஞ்சம் நடக்க விட்டு, திரும்ப ஏத்துங்க. முன்னங்கால் ரெண்டையும் ஒவ்வொண்ணா முன்னாடி இழுத்து விட்டா மடிஞ்ச தோல் சரியாகிடும்.

கடிவாளத்துக்கு வருவோம். மார்வாரிக்கு காது உள்பக்கமா வளைஞ்சு நுனி தொட்டுக்கும், அழகு அதுதான், ஆனா நெத்திப் பட்டை சின்னதா இருந்தா தலைப் பட்டையை முன்னாடி இழுத்து காதோட அடியை அறுக்கும், அங்க ஒரு விரல் சுலபமா போகணும். தொண்டைப் பட்டைக்குள்ள ஒரு முஷ்டி போகணும். மூக்குப் பட்டையை கன்னத்துப் பக்கம் செக் பண்ணாதீங்க, அங்க சதை, விரல் எப்பவும் போகும். மூக்கெலும்புக்கு மேல ரெண்டு விரல் போகுதான்னுதான் பாக்கணும். வாய்க்குள்ள போற இரும்பு உதட்டோட ரெண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் வெளிய தெரிஞ்சா போதும், அதுக்கு மேல நீண்டா இழுக்கும்போது நழுவும், அதைவிடக் குறைஞ்சா உதட்டைக் கிள்ளும். வாய் ஓரத்துல ஒண்ணு ரெண்டு சுருக்கம் விழலாம், பல்லு தெரியுற அளவுக்கு தூக்கக் கூடாது. முள் வெச்ச கடிவாளம், வண்டி இழுக்குற, சுமை தூக்குற விலங்குகளை வதைக்கிறதைத் தடுக்க வந்த 1965 மத்திய அரசு விதிகள்லயே தடை, இன்னும் சிலர் மாட்டுறாங்க, பாத்தா மனசு பதறுது.

சவாரி முடிஞ்சு கழட்டினதும் துடைக்காம வேர்வைத் தடத்தைப் பாருங்க. சுத்தி ஈரமா இருந்து நடுவுல ஒரு எடம் மட்டும் காஞ்சு கிடந்தா அங்க அழுத்தம் அதிகம். சேணம் உக்கார்ற எடத்துல புதுசா வெள்ளை முடி முளைச்சிருந்தா பழைய காயம். வீக்கம் இருந்தா அது வத்தி, தொட்டா நெளியாத வரைக்கும் முதுகுல எதுவும் ஏத்தாதீங்க, கையில புடிச்சு நடத்துங்க. தீனியும் வேலையும் மாறினா முதுகோட ஷேப்பும் மாறும், போன வருஷம் பொருந்தின சேணத்தையும் திரும்ப வெச்சுப் பாத்துடுங்க.