லோக்கல் ஓட்டைதானே என்று விட்டால்: சர்வர் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரே உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வர். பகல் கிளார்க், இரவு கிளார்க், பில்லிங் சாஃப்ட்வேர் பார்க்க கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் பையன் என ஆளுக்கொரு லாகின். "லோக்கல் ஓட்டைதானே, வெளியாள் நுழைய முடியாதே" என்று பேட்சை (ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை) தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. லோக்கல் ஓட்டை என்றால், ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பாதுகாப்புக் குறை. இரவு கிளார்க்கின் பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்தவர் உள்ளேதான் இருக்கிறார். அங்கிருந்து ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆவதற்கு உதவுவதே இந்த ஓட்டைகள். 2022 ஜனவரியில் அம்பலமான பவ்ன்கிட் என்ற ஓட்டை, கட்டளையை ரூட் போன்ற வேறொரு பயனராக ஓட்டித் தரும் பிகேஎக்ஸெக் கருவிக்குள் 2009 முதல் கிடந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் அது வேலை செய்யும்.

பேட்ச் போட்டும் ரீபூட் செய்யாமல் விடுவது அடுத்தது. புதுக் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) டிஸ்கில் இருக்கும், ஓடுவது பழையதாகவே இருக்கும். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும் மெஷின்களில் இது மாதக்கணக்கில் தெரியாது. 'யூநேம் -ஆர்' அடித்து, ஓடுகிற கெர்னலைப் பாருங்கள்.

வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம். சூடோ என்பது ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் கருவி. அதில் 2021-இல் வெளிவந்த ஓட்டைக்கு மூலத் திருத்தம் வந்தது 1.9.5பி2 வெர்ஷனில். உபுண்டு 20.04 அதே திருத்தத்தை 1.8.31-க்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தது. பேக்கேஜின் முழு எண்ணை உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, யாருக்கு எந்த சூடோ அனுமதி என்று எழுதும் சூடோயர்ஸ் கோப்பில் நாமே கதவைத் திறந்து வைப்பதுதான் அதிகம். லாக் (சிஸ்டம் எழுதும் பதிவு) பார்க்க மட்டும் என்று, கோப்பைத் திரையில் காட்டும் 'லெஸ்' கட்டளைக்குப் பாஸ்வேர்ட் இல்லாத சூடோ கொடுப்பார்கள். லெஸ் திரையில் ஆச்சரியக்குறியும் 'எஸ்ஹெச்' என்பதும் தட்டி என்டர் அழுத்தினால் ரூட் ஷெல் (ரூட்டாக எந்தக் கட்டளையும் அடிக்கும் இடம்) வந்துவிடும்! விம், ஃபைண்ட், டார் எல்லாமே இப்படித்தான். லாக் படிக்க வேண்டுமென்றால் 'ஏடிஎம்' குரூப்பில் சேர்த்தால் போதும். ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் 'சூடோஎடிட்' அனுமதி கொடுங்கள். டாக்கர் என்பது புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. அதன் குரூப்பில் யாரையாவது சேர்ப்பதும் ரூட் கொடுப்பதும் ஒன்றே: கன்டெய்னருக்குள் முழு டிஸ்கையும் மவுன்ட் செய்துவிடலாம்.

ராத்திரி பேக்கப் எடுக்கும் கிரான் ஸ்கிரிப்ட் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கோப்பு) ரூட்டாக ஓடும், ஆனால் கோப்பு பில்லிங் பையனின் ஹோம் ஃபோல்டரில் 777-இல், அதாவது யாரும் திருத்தலாம் என்ற அனுமதியில், கிடக்கும். அதில் ஒரு வரி சேர்த்தால் மறுநாள் காலை ரூட் அவன் கையில். 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) போட்டு ரூட் பெயருக்கு மாற்றினாலும், ஃபோல்டர் அவனுடையதாக இருந்தால் பயனில்லை. ஸ்கிரிப்டை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். ஸ்கிரிப்டை ரூட்டுக்குச் சொந்தமான ஃபோல்டருக்கே நகர்த்துங்கள்.

விண்டோஸ் மெஷினில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே லாகின் செய்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உயர்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

பேட்ச் வரும்வரை காத்திருக்கும்போது, ஓட்டையுள்ள கருவியின் எஸ்யூஐடி பிட்டை எடுத்துவிடலாம். யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளர் (பெரும்பாலும் ரூட்) அதிகாரத்தில் ஓட வைக்கும் அடையாளம் அது. பிகேஎக்ஸெக்குக்கு 0755 (எஸ்யூஐடி இல்லாத அனுமதி) போட்டதும் அப்படித்தான். ஃபைண்டில் '-பெர்ம் -4000' கொடுத்தால் எஸ்யூஐடி உள்ள எல்லாம் வரிசையாக வரும். அதில் ஹோம் அல்லது டெம்ப் ஃபோல்டரில் ஏதாவது தலைகாட்டினால், யார் வைத்தது என்று அன்றைக்கே விசாரியுங்கள்.