கோச் கேட்டாரா, ஜி.எம். கொடுத்தாரா? என்.பி.ஏ. டிரேடுகளில் நாம் ஆள் மாற்றித் திட்டும் இடங்கள்

2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, தன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை டிரேடில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில்) லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. வயது 25. அதற்கு முந்தைய ஜூனில்தான் அணியை இறுதிச் சுற்றுவரை இழுத்துக்கொண்டு போனவர். பதிலுக்கு வந்தவை: ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் பிக் ஒன்று (அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பு). கோச் ஜேசன் கிட்டுக்குத் தெரியாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. கடைசி நேரத்தில்தான் தன்னிடம் சொன்னார்கள் என்று கிட்டே செய்தியாளர்களிடம் சொன்னார். பேசி முடித்தவர்கள் டல்லாஸின் ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவும். சரி என்று சொன்னவர் டல்லாஸ் உரிமையாளர் தரப்பின் பேட்ரிக் டூமான்ட். அரங்கில் ரசிகர்கள் ஹாரிசனைத் தூக்கச் சொல்லி மாதக்கணக்கில் கோஷம் போட்டார்கள். நவம்பரில் தூக்கவும்பட்டார். இந்த விஷயத்தில் ரசிகர்கள் ஆளைச் சரியாகப் பிடித்தார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

முதல் தவறு, கண்ணில் படுகிறவரையே முடிவெடுக்கிறவர் என்று நினைப்பது. ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மைக் முன்னால் நிற்பவர் கோச். நிர்வாகி வருடத்தில் சில முறைதான் வாய் திறப்பார். அதனால் தான் கேட்காத டிரேடுக்கும் கோச்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான அணிகளில் வரிசை இப்படி இருக்கும்: மேலே உரிமையாளர், அவருக்குக் கீழே கூடைப்பந்துப் பிரிவின் தலைவர், அவருக்குக் கீழே ஜி.எம்., அப்புறம் கோச். சில அணிகளில் தலைவர், ஜி.எம். இரண்டும் ஒருவரே. கோச்சிடம் கருத்துக் கேட்பார்கள். ஆனால் கருத்து சொல்கிற இடம் வேறு, முடிவு சொல்கிற இடம் வேறு.

இந்த இரண்டு நாற்காலிகளும் ஒரே ஆளை எப்படி மாற்றும் என்று பார்க்க பாஸ்டன் செல்டிக்ஸின் பிராட் ஸ்டீவன்ஸ் போதும். 2013 முதல் 2021 வரை கோச். மார்கஸ் ஸ்மார்ட் 2014இல் அணிக்கு வந்த நாளிலிருந்து அவரை வளர்த்தவர், நம்பியவர். 2021 ஜூனில் ஸ்டீவன்ஸ் தலைவர் பதவிக்கு மாறினார். அந்த மாதமே, தான் கோச்சாக நடத்திய கெம்பா வாக்கரை ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்பினார். 2023இல் அதே ஸ்மார்ட்டைக் கொடுத்து கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை வாங்கினார். 2024இல் கோப்பை. கோச்சாகவே இருந்திருந்தால் ஸ்மார்ட்டைக் கொடுக்கச் சம்மதித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். கோச்சுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டம் முக்கியம். டிராஃப்ட் பிக் பலன் தருவதற்குள் அவர் வேலையே போயிருக்கலாம். நிர்வாகிக்கு மூன்று வருடம் கழித்து யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற கணக்கு முக்கியம். இது குணத்தைப் பொறுத்த விஷயம் இல்லை, வேலையைப் பொறுத்தது.

இரண்டு தொப்பிகளும் ஒரே தலையில்

கோச்சிடமே முழு அதிகாரத்தையும் கொடுத்தால் நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. ஆடுகளம் தெரிந்தவருக்கு ஆட்டக்காரர்களைத் தெரியாதா என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்தாண்டுக்கு முன் நான்கு அணிகள் அதை நம்பின: கிளிப்பர்ஸில் டாக் ரிவர்ஸ், டெட்ராய்ட் பிஸ்டன்ஸில் ஸ்டான் வான் கண்டி, அட்லாண்டாவில் மைக் பூடன்ஹோல்சர், மினசோட்டாவில் டாம் திபடோ. 2019 ஜனவரிக்குள் நான்கு ஏற்பாடுகளும் கலைந்துவிட்டன. ரிவர்ஸ் தன் சொந்த மகன் ஆஸ்டினையே டிரேடில் கொண்டுவந்தார். 2017 ஆகஸ்டில் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் அவரிடமிருந்து தலைவர் பதவியை எடுத்து லாரன்ஸ் ஃப்ராங்கிடம் கொடுத்துவிட்டார். கோச் வேலை மட்டும் மிஞ்சியது.

அடுத்து நடந்த டிரேடைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இரண்டு வகை அமைப்புகளும் அதில் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தன. 2018 ஜனவரி. கிளிப்பர்ஸில் பிளேக் கிரிஃபின் ஐந்து வருடத்துக்கு 17 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு அவரை இழுக்க, அவருடைய ஜெர்ஸியை அரங்கின் கூரையில் ஏற்றுவதுபோல் ஒரு நாடகமே நடத்திக் காட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஃப்ராங்க் தலைமையிலான நிர்வாகம், அந்தப் பக்கம் டெட்ராய்டின் கோச்சும் தலைவருமான வான் கண்டி. அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்தது, வேலையும் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு உடனே ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது. டொபையஸ் ஹாரிஸ், ஏவரி பிராட்லி, போபான் மர்யானோவிச், கூடவே ஒரு முதல் சுற்று பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக் கொடுத்து கிரிஃபினை வாங்கினார். டெட்ராய்ட் அந்த வருடம் பிளேஆஃபுக்கும் (பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்கு) போகவில்லை. மே மாதம் வான் கண்டி வெளியே.

அந்த முதல் சுற்று பிக் 12ஆவது இடமாக வந்து விழுந்தது. கிளிப்பர்ஸ் அதையும் சில இரண்டாம் சுற்று பிக்குகளையும் சார்லட்டிடம் கொடுத்து 11ஆவது இடத்தின் ஆட்டக்காரரை வாங்கியது. அவர் பெயர் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர்.

கிளிப்பர்ஸ் நிர்வாகம் புத்திசாலி என்று இங்கேயே கதையை முடித்துக்கொள்வதும் தவறுதான். 2019 ஜூலையில் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் கிளிப்பர்ஸுக்கு வர ஒப்புக்கொண்டார். பக்கத்தில் பால் ஜார்ஜ் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜார்ஜுக்காக ஒக்லஹோமா சிட்டிக்குப் போனவை: ஷே, டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், இரண்டு பிக் மாற்றும் உரிமைகள் (தன் பிக்கைக் கொடுத்து கிளிப்பர்ஸின் பிக்கை எடுத்துக்கொள்ளும் உரிமை). இந்த டிரேடை ஓட்டியது கோச்சும் இல்லை, நிர்வாகியும் இல்லை; இன்னும் ஒரு ஆட்டம்கூட அந்த அணிக்கு ஆடாத ஒரு ஆட்டக்காரர். ஒரு வருடம் கழித்து, 2020 பிளேஆஃபில் ஒரு தொடரில் 3-1 என்று முன்னால் இருந்து டென்வரிடம் தோற்றதும் வேலை போனது டாக் ரிவர்ஸுக்கு. 2025இல் ஷே எம்.வி.பி. (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதையும் கோப்பையையும் ஒக்லஹோமாவில் வாங்கினார்.

விதிவிலக்கு இல்லையா? உண்டு. சான் அன்டோனியோவில் கிரெக் பாப்பவிச் 1996இல் ஜி.எம். பதவியில் இருந்துகொண்டே கோச்சை நீக்கிவிட்டுத் தானே அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் பல வருடங்கள் ஆர்.சி. பூஃபர்ட் என்ற ஜி.எம். பக்கத்தில் இருந்தார். 2011 டிராஃப்ட் இரவில், பாப்பவிச்சுக்கு மிகவும் பிடித்த ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து 15ஆவது பிக்கில் வந்த லெனர்டை எடுத்தார்கள். அவசரமாக வெல்ல வேண்டிய பயம் இல்லாத கோச்சுக்குத்தான் அந்த மாதிரி டிரேடு சாத்தியம். அப்படிப்பட்ட வேலைப் பாதுகாப்பு வேறு யாருக்குக் கிடைத்தது?

பழைய ஆட்டக்காரர் வந்தால் கோச் கேட்டார் என்று பொருளா?

இது ரொம்பப் பிரபலமான தவறு. திபடோ சிகாகோவில் நடத்திய ஜிம்மி பட்லர், டாஜ் கிப்சன், டெரிக் ரோஸ் மூவரும் மினசோட்டாவில் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்தான் தலைவரும், எனவே கணக்கு சரி. பிறகு நியூயார்க் நிக்ஸில் 2021இல் ரோஸும் கிப்சனும் திரும்ப வந்தார்கள், 2024இல் மினசோட்டா நாட்களின் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் வந்தார். உடனே "திபடோவின் அணி" என்றார்கள். ஆனால் நியூயார்க்கில் அவர் கோச் மட்டும்தான். முடிவு தலைவர் லியான் ரோஸ் கையில். 2025இல் நிக்ஸ் 25 வருடத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றுக்குப் போனது. தோற்ற சில நாட்களில் திபடோவை அனுப்பிவிட்டு மைக் பிரவுனைக் கொண்டுவந்தார்கள். டவுன்ஸ் அங்கேயேதான் இருந்தார்.

உரிமையாளரை மறப்பது இன்னொன்று. 2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா ஃபீனிக்ஸ் சன்ஸைக் கையில் எடுத்த இரண்டே நாளில் கெவின் டுரன்ட் வந்துவிட்டார். அந்தக் கோடையில் பிராட்லி பீல். மான்டி வில்லியம்ஸ், ஃப்ராங்க் வோகல், பூடன்ஹோல்சர் என்று மூன்று கோச்சுகள் அடுத்தடுத்து போனார்கள், பிறகு டுரன்டும் போனார். வில்லியம்ஸுக்கு இது பழகிப்போன அனுபவம்: 2011இல் அவர் நியூ ஆர்லியன்ஸின் கோச்சாக இருந்தபோது, கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்ப ஜி.எம். பேசி முடித்த டிரேடை, அப்போது அணியின் உரிமையாளராக இருந்த லீக்கின் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் ரத்து செய்தார்.

கடைசியாக, எந்த மனிதரும் விரும்பாத டிரேடுகளும் உண்டு. 2023 தொழிலாளர் ஒப்பந்தத்தில் வந்த "இரண்டாம் ஏப்ரன்" என்ற, அணியின் மொத்தச் சம்பளத்துக்கான எல்லையைத் தாண்டினால் அபராத வரி ஒருபக்கம். இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்கவும் முடியாது. 2025 கோடையில் பாஸ்டன் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது இதனால்தான். கோச் ஜோ மசூலாவோ ஸ்டீவன்ஸோ அந்த இருவரின் ஆட்டத்தில் குறை கண்டதால் அல்ல. பாஸ்டனின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமுக்குக் குதிகாலின் அகிலிஸ் தசைநார் அறுந்து, அடுத்த பருவம் எப்படியும் கைநழுவும் என்று தெரிந்தபின், அவ்வளவு பெரிய பில்லைக் கட்ட யாரும் தயாராக இல்லை.