போலரைசர் ஃபில்டர் வாங்கும்போது பணம் வீணாகும் இடங்கள்

குளத்து நீரின் மேலும் ஈர இலைகளின் மேலும் படரும் பளபளப்பை நீக்கி அடியில் உள்ளதைக் காட்டுவதே, கேமரா லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டரின் தலையாய பணி. படத்தில் பதிவாகாமல் போனதை மென்பொருள் கற்பனையாக நிரப்பலாமே தவிர மீட்டுத் தராது என்பதால், கையில் பணம் குறைவாக இருப்பவரும் இதை வாங்குவதில் நியாயம் உண்டு.

முதல் தவறு அளவில் நேர்கிறது. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 18–55 என்பது அதன் குவியத்தூரம். அதைப் பார்த்து 55 மி.மீ. ஃபில்டர் வாங்கிவிடுகிறார்கள். நிக்கானின் ஏஎஃப்-பி 18–55 லென்ஸுக்குத் தற்செயலாக அது பொருந்திவிடும். கேனனின் இஎஃப்-எஸ் 18–55 எஸ்டிஎம் லென்ஸுக்கு வேண்டியதோ 58. லென்ஸின் முன்விளிம்பில், குறுக்குக்கோடு போட்ட வட்டக் குறிக்கு அருகில் உள்ள எண்ணே சரியான அளவு.

லென்ஸுக்கு ஒன்றாக மலிவான ஃபில்டர்களை வாங்கிச் சேர்ப்பது அதைவிடச் செலவு வைக்கும் பழக்கம். கேனனின் இஎஃப்-எஸ் 18–55 எஸ்டிஎம், இஎஃப் 50 எஸ்டிஎம், இஎஃப்-எஸ் 10–18 எஸ்டிஎம் ஆகிய மூன்றும் வைத்திருப்பவருக்கு முறையே 58, 49, 67 மி.மீ. தேவைப்படும். 67இல் தரமான ஒன்றை வாங்கி, மற்ற இரண்டுக்கும் ஸ்டெப்-அப் ரிங் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் வளையம்) போட்டுக்கொண்டால் போதும்; வெயில் மறைக்கும் லென்ஸ் ஹுட் மாட்ட முடியாது என்பது மட்டும் இதில் உள்ள இடைஞ்சல். ஆனால் 10–18ஐ நீலவானத்துக்காகவே பயன்படுத்துபவர் 67க்குச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. சூரியனுக்கு 90 பாகை விலகிய பகுதியில்தான் வானம் அதிகம் கருக்கும் என்பதால், அத்தனை அகலமான காட்சியில் வானத்தின் நடுவே திட்டுப் போல இருள் விழுந்து படம் கெடும். அவருக்கு 58 மி.மீ. ஃபில்டரும் 50 லென்ஸுக்கான ஒரு ரிங்கும் போதும்.

பெட்டியின் மேல் அச்சிட்டதை நம்பி வாங்குவது மற்றொரு தவறு. மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஃபில்டரின் முன்பக்கம் திரையை நோக்கி இருக்குமாறு பிடித்து, அதன் வழியே பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்றுங்கள். பெரும்பாலான எல்சிடி திரைகளில், ஒரு நிலையில் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் இருண்டுவிட வேண்டும். இலேசான கருநீலம் மிஞ்சுவதைப் பொருட்படுத்த வேண்டாம், வெளிறிய சாம்பலாகவே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, கூரையில் எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பல அடுக்குக் கோட்டிங் உள்ளதில் அது பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரியும். கோட்டிங் இல்லாததில் வெள்ளைவெளேரென்று தெரியும், எதிர்வெயிலில் எடுக்கும் படமும் வெளிறிப்போகும்.

பழைய பொருள் விற்கும் இடங்களில் லீனியர் என்னும் பழைய வகைப் போலரைசர் மலிவாகக் கிடைக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அது பெரும்பாலும் சிக்கலின்றி வேலை செய்யும். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸையும் ஒளி அளவீட்டையும் பாதிக்கும் என்பதால் சர்க்குலர் என்னும் மற்றொரு வகையையே வாங்க வேண்டும்.

வாங்கியபின் நேரும் தவறுகளும் உண்டு. யுவி ஃபில்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே இதை மாட்டினால் அகலக் கோணத்தில் மூலைகள் இருளும். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக) ஒளியைக் குறைக்கும் என்பதை மறந்து, மாலை மங்கியபின்பும் கழற்றாமல் வைத்திருப்பவர்கள், உயர்ந்த ஐஎஸ்ஓவால் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) வரும் புள்ளிகளுக்குக் கேமராவைக் குறை சொல்கிறார்கள்.