மின்தடை நாளில் கிளஸ்டர் சர்வர்களை நிறுத்தும் வரிசை

வேலூர், ராணிப்பேட்டை பகுதிகளில் துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளில், யுபிஎஸ் பேட்டரியை மட்டும் நம்பியிராமல், மின்சாரம் போகும் முன்பே கிளஸ்டரை (ஒரே அமைப்பாக இணைந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பை) முறைப்படி நிறுத்திவிடுவது நல்லது. முதலில் பயன்பாடுகளையும், அடுத்து தரவுத்தளத்தையும் நிறுத்திய பின், கிளஸ்டர் சேவையை எல்லா நோடுகளிலும் (தொகுப்பிலுள்ள ஒவ்வொரு சர்வரிலும்) ஒருசேர நிறுத்த வேண்டும். இல்லையெனில், சில நோடுகள் முன்னதாக நின்றுவிட, பெரும்பான்மை எண்ணிக்கையை இழந்த மற்ற நோடுகள் தாமாகவே சேவைகளை முடக்கக்கூடும். எல்லா நோடுகளும் பகிரும் பொதுச் சேமிப்பகமும், அதன்பின் நெட்வொர்க் சுவிட்சும் கடைசியில்தான் அணைய வேண்டும். மீண்டும் இயக்கும்போது சுவிட்ச், சேமிப்பகம், நோடுகள் என்று வரிசை தலைகீழாகும்.

ஒரே தரவின் பிரதியை ஒவ்வொரு நோடிலும் வைத்திருக்கும் மரியாடிபி கலேரா தரவுத்தளம் மட்டும் விதிவிலக்கு: அதை ஒவ்வொரு நோடாக நிறுத்திவிட்டு, கடைசியாக நின்ற நோடையே முதலில் எழுப்ப வேண்டும், ஏனெனில் மிகப் புதிய தரவு அதில்தான் இருக்கும். அது எந்த நோடு என்பதை ஒரு தாளில் எழுதி ரேக்கின் (சர்வர்கள் அடுக்கியுள்ள அலமாரியின்) கதவிலேயே ஒட்டிவிடுங்கள்; கணினியில் குறித்து வைத்தால், அந்தக் கணினியும் அப்போது அணைந்துதான் கிடக்கும்.